வளைவில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் மகள் மாதம் நிறையாமல் பிறந்தாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரி டாக்டர், "இங்க வச்சிருக்க முடியாது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க" என்றார். என் மனைவி எழுந்திருக்கும் நிலையில் இல்லை. ஆம்புலன்சில் குழந்தையோடு நானும் ஒரு நர்சும்தான்.

கிளம்பும்போது மனைவி என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். "ஏங்க, வழியில பிள்ளைக்கு ஒரு மாதிரியாச்சுன்னா நீங்களே தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துருங்க. ஆபத்துக்கு யாரு வேணாலும் குடுக்கலாம்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாததில்லை. என் அம்மா புற்றுநோயில் கிடந்து துடித்த மாதங்களில் நான் முட்டி போடாத பீடமில்லை. அம்மா போனதோடு கடவுளுடன் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைக் கோயில் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே எல்லாரும் முட்டி போடும் நேரத்துப் பூசை மணி அடிக்கும்போது மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிடுவேன். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. இப்படிப்பட்டவன் ஊற்றும் தண்ணீர் எந்தக் கணக்கில் சேரும்?

பெருமாள்மலை தாண்டியதும் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. ஒரு வளைவில் வாழைத்தார் லாரி பழுதாகி, முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. சைரன் கத்தியதே தவிர, ஒதுங்க யாருக்கும் இடமில்லை. செல்போனில் டவர் இல்லை. டிரைவர் இறங்கி ஓடினார்.

பஞ்சில் சுற்றியிருந்த குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நர்ஸ் பழனிக்காரப் பெண், நெற்றியில் விபூதி. பிஞ்சுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, அக்கா சொன்னதச் செஞ்சுருங்க. வெரசா."

மூடியைத் திறந்து விரல் விட்டேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. இதை ஊற்றினாலே பிள்ளை போய்விடுமே என்று பயந்தேன். உள்ளங்கையில் ஊற்றி, வாயால் ஊதி ஊதிச் சூடாக்கப் பார்த்தேன். பாதி விரலிடுக்கில் ஒழுகிச் சட்டையில் வழிந்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி ஊதினேன்.

"என்னண்ணே பண்றீங்க?" நர்ஸ் அழுதேவிட்டாள்.

கையில் மிச்சமிருந்ததைக் குழந்தையின் தலையில் விட்டேன். பெயர் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது என் அம்மாவின் பெயர். அதைச் சொல்லி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றேன். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் அடி வாங்கிப் படித்த வாக்கியம். மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆட்கள் சேர்ந்து லாரியை ஓரம் தள்ளினார்கள். அடிவாரம் வரை அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மதுரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் என் பயம் போகவில்லை. "அவுகதான் ஞானஸ்நானம் குடுத்தாக" என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். நம்பிக்கை இல்லாதவன், பயத்தில், பாதித் தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு செய்தது அது. செல்லாது என்று கோயில் சாமியார் சொல்லிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப்போன ஞாயிறன்று, பூசைக்கு முன்னால் பங்குச்சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தண்ணி தலையில ஓடுச்சா?"

"கொஞ்சந்தான் சாமி. ஆனா ஓடுச்சு."

"என்ன சொல்லி ஊத்துனீங்க?"

சொன்னேன். பிறகு அடக்க முடியாமல், "எம் பொண்டாட்டி கேட்டதுக்காகத்தான் சாமி செஞ்சேன். எனக்கு நம்பிக்கை கெடையாது. நான் கோயிலுக்குள்ளயே வர்றதில்ல" என்றேன்.

"தெரியும். டீக்கடையில பாத்திருக்கேன்" என்றார். பூசை உடுப்பை மாட்டப் போய்விட்டார்.

பூசையில் குழந்தைக்கு எண்ணெய் பூசினார். மெழுகுதிரி ஏற்றி என் கையில் கொடுத்தார். தண்ணீர்ச் செம்பு மூடியபடியே இருந்தது. மறந்துவிட்டாரா, அல்லது இந்தப் பிள்ளைக்குக் கிடையாது என்று தள்ளிவிட்டாரா? எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, தண்ணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"அதான் நீங்க ஊத்திட்டீங்களே. ஊத்துனது ஊத்துனதுதான். அதுக்கு மேல ஊத்த எனக்கே உரிமை இல்ல."

பிறகு என் அம்மாவின் பெயரைச் சொல்லி என் மகளை வரவேற்றார். அந்தப் பெயரை அந்தக் கோயிலில் நான் கடைசியாகக் கேட்டது அம்மாவின் அடக்கப் பூசையில். அன்று வெளியே போனவன்தான் நான்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. கீழே வைக்கக் கையில் கிளாஸ் இல்லை. முட்டி போட்டேன்.