வாய் கட்டிய நடிகர்

சாலிகிராமம் பூவராகன் சென்ற ஒரே வருடத்தில் இரண்டு முறை நீதிபதியாகவும், மூன்று முறை மணப்பெண்ணின் தாய்மாமனாகவும், ஒரு முறை அமைச்சருக்குப் பின்னால் நிற்கும் அமைச்சராகவும், ஐந்து முறை பிணமாகவும் நடித்தார். இவ்வளவு மாறுபட்ட பாத்திரங்களை ஏற்றவர் வேறு யாருமில்லை என்பது அவருடைய கணிப்பு. விமர்சகர்கள் மறுக்கவில்லை, அவர்கள் கவனிக்கவே இல்லை.

ஒரே ஒரு குறை. இத்தனையிலும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீதிபதியின் தீர்ப்பைக்கூட டப்பிங்கில் வேறு யாரோ சொன்னார்.

"இன்னிக்காவது டைரக்டர்கிட்ட ஒரு டயலாக் கேளுங்க," என்றாள் மனைவி சுலோச்சனா.

"இன்னிக்கு டெட்பாடிடி."

"வெளங்கிடும்."

செட்டுக்குப் போய் ஐஸ் பெட்டிக்குள் படுத்தார். நெற்றியில் ஒரு ரூபாய், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. மகனாக நடித்த ஹீரோ ரிஷிவர்தன், "அப்பா, என்ன விட்டுட்டுப் போயிட்டியேப்பா!" என்று கதறவேண்டும். நாலாவது டேக்கில் அழுகை வரவில்லை. ஏழாவதில் வசனம் வரவில்லை. ஒன்பதாவதில் இரண்டும் வந்தன, தும்மலும் வந்தது. பதினான்கிலும் பூவராகனின் இமை அசையவில்லை. நிஜமாகச் செத்தவர்களிடம்கூட அந்த ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

பதினைந்தாவது ஓகே.

பிணமாக நடித்தவர் கேமரா முன் சிரித்துவிட்டுத்தான் எழவேண்டும். இல்லாவிட்டால் அபசகுனம் என்பது சினிமா சம்பிரதாயம். உதவி இயக்குநர் மைவிழி பெட்டியைத் திறந்து, தாடைக் கட்டை அவிழ்த்தாள். "கேமரா ஓடுது. சிரிங்கண்ணே."

கேமரா ஓடுகிறது. வாய் கட்டப்படவில்லை. சொல்ல ஒரு வார்த்தையும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து அமைவது பூவராகனுக்கு இதுவே முதல் முறை. எழுந்து உட்கார்ந்தார். ரிஷிவர்தனைப் பார்த்தார்.

"எங்கடா போனேன்? காலைலேருந்து இங்கதான் படுத்துக் கெடக்குறேன். நீ ஒருவாட்டி ஒழுங்கா அழுதிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்."

செட்டில் எல்லோரும் ஹீரோவின் முகத்தைப் பார்த்தார்கள். இந்தப் படம் மட்டுமல்ல, இனி எந்தப் படமும் இல்லை என்று பூவராகன் முடிவுகட்டிய நேரத்தில், ரிஷிவர்தன் சிரித்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இயக்குநர் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "சவுண்ட் எடுத்தியாய்யா?"

"சிரிக்கிற ஷாட்டுக்கு யார் சார் சவுண்ட் எடுப்பாங்க?" என்றார் ஒலிப்பதிவாளர்.

பூவராகன் மறுபடியும் பாதி செத்தார்.

"மைவிழி, இத மகன் காணுற கனவா வெச்சுக்கலாம். இப்ப சொன்னத அப்படியே எழுதிக்க. அண்ணே, சவுண்டோட ஒருவாட்டி போலாமா? படுங்க."

பூவராகன் படுத்தார். மைவிழி துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் லூசா கட்டும்மா," என்றார். "டயலாக் இருக்கு."