பிரேக் போன பிறகு மூன்று வளைவுகள்

பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் வரிசையில் பதினாறு வருடம் நின்ற ஒரு பெண், முப்பத்தொன்பதாவது வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கி, அடுத்த வருடமே வாடகைக்குச் சரக்கு ஏற்ற ஒரு பழைய பிக்கப் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் தெரு சும்மா இருக்குமா? எங்கள் தெரு இருக்கவில்லை. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. நான்கு கதவுகள், பின்னால் மூன்று பேர் உட்கார ஒரு இருக்கை, அதற்கும் பின்னால் திறந்த சரக்குப் பெட்டி. வெளிறிப்போன பச்சை நிறம். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவள் கணவர், கையில் இருந்த காபியைக் குடிக்க மறந்து வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். அவருக்கு சைக்கிளே தகராறு. அவள் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

ஆறே மாதத்தில் அவளுக்கு 'கிளிக் அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. வண்டியில் யார் ஏறினாலும் சாவியைத் திருப்பாமல் காத்திருப்பாள். ஒவ்வொரு பெல்ட்டும் 'கிளிக்' என்று மாட்டிய சத்தம் காதில் விழுந்த பிறகுதான் இன்ஜின் உறுமும். ஏறியவர் கவுன்சிலராக இருந்தாலும் அதே கதைதான். ஒருமுறை பக்கத்துத் தெரு கால்பந்து அணி, பதினொரு பேரும் சரக்குப் பெட்டியில் ஏறி நின்றுகொண்டு, மைதானம் பக்கத்தில்தானே என்று கெஞ்சினார்கள். சரக்கு போகிற இடத்தில் சரக்குதான் போகும் என்று எல்லோரையும் இறக்கிவிட்டாள். பிறகு கோபமே இல்லாமல் நான்கு நான்கு பேராக உள்ளே உட்காரவைத்து மூன்று நடை அடித்தாள். அன்று ஆட்டம் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

அவள் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, தொட்டில் வருவதற்கு முன்பே அத்தை வாங்கிய குழந்தை இருக்கை வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பெரிய அட்டைப் பெட்டியைப் பார்த்து வாஷிங் மெஷின் என்று நினைத்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்று தம்பி மனைவி பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். கிளிக் அக்கா அதை வண்டியின் பின் இருக்கையில், குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்படி பொருத்தினாள். முழங்காலால் அழுத்தி பெல்ட்டை இறுக்கி, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தாள். ஒரு விரலளவுக்கு மேல் அசைந்தால் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அன்று நான்கு தடவை கழற்றினாள்.

நான் சொல்ல வந்தது குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது நடந்தது.

மலைமேல் இருக்கும் மரப்பட்டறை ஒன்றிலிருந்து, கீழே கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பதினான்கு கதவுகள் இறக்க வேண்டியிருந்தது. தம்பி மனைவி அப்போது மலைமேல் தன் அம்மா வீட்டில் இருந்தாள். வருகிற வழிதானே, குழந்தையோடு அவளையும் கூட்டி வந்துவிடலாம் என்று ஏற்பாடு. காலையில் கிளம்பும் முன் வழக்கம்போல டயர், விளக்கு, தண்ணீர், பிரேக் ஆயில் எல்லாம் பார்த்தாள். ஆயில் கோட்டுக்குச் சரியாக இருந்தது.

பட்டறையில் கதவுகளைப் படுக்கவைத்து, கேபினை ஒட்டி அடுக்கி, நைலான் பட்டைகளால் இறுக்கிக் கட்டினாள். கதவு என்ன, இறங்கி ஓடியா போகப்போகிறது என்று பட்டறைக்காரர் சிரித்தார்.  அவள் நூறு அடி ஓட்டிப்போய் நிறுத்தி, இறங்கி, பட்டைகளை மறுபடி இழுத்துப் பார்த்தாள். ஒன்று தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு ஏறினாள்.

தம்பி மனைவி குழந்தையை மலைக்குளிருக்குப் பயந்து பஞ்சுமூட்டை போலச் சுற்றிவைத்திருந்தாள். கிளிக் அக்கா அந்தத் தடித்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள். அதன்மேல் பட்டையைப் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும், அதிர்ச்சி வரும்போது பஞ்சு அமுங்கி, பட்டை தொளதொளத்துப்போகும் என்று விளக்கினாள். பட்டைகளை மாட்டி, தோளெலும்பின் மேல் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கி, மேலே போர்வையைப் போர்த்திவிட்டாள். தம்பி மனைவிக்கு மனம் ஆறவில்லை. பிள்ளை ஏதோ தண்டனை வாங்கியதுபோலத் திரும்பி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அரை மணி நேரம்தானே அண்ணி. மடியிலேயே வச்சுக்கிறேனே."

"வண்டி திடீர்னு நின்னா உன் கை அவளைத் தாங்காதும்மா. என் கையும் தாங்காது. சீட்டு தாங்கும்."

 தம்பி மனைவி குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கிளிக். வண்டி கிளம்பியது.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. இறக்கம் முழுக்க மூன்றாவது கியர்தான். மலையில் எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பயிற்சிப் பள்ளியில் கற்ற பாடம். ஆறு வளைவுகள் தாண்டியாயிற்று. ஏழாவதற்கு முன் வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை மிதித்தாள். பெடல் வெண்ணெயில் கால் வைத்ததுபோல மெதுவாக அமுங்கி, தரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

காலை எடுத்து மறுபடி மிதித்தாள். தரை. மூன்று, நான்கு, ஐந்து தடவை வேகவேகமாக மிதித்துப் பார்த்தாள். கொஞ்சம் பிடிப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு மறுபடி அமுங்கியது. முள் நாற்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

  அந்த நொடியில் எல்லாமே கண்ணாடி துடைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது என்று எங்களிடம் சொன்னாள். இன்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் ஸ்டீயரிங் இரும்பாகிவிடும். நியூட்ரலுக்குப் போகவே கூடாது. ஆபத்து விளக்கைத் தட்டிவிட்டாள். கிளட்சை மிதித்து, இன்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டு, இரண்டாவது கியரில் தள்ளினாள். வண்டி அலறியது. கேபின் முழுக்க அதிர்ந்தது. ஏழாவது வளைவில் டயர்கள் கிறீச்சிட, வண்டி பள்ளப்பக்கம் அகலமாகப் போய், தடுப்புக் கற்களுக்கு ஒரு சாண் இருக்கும்போது திரும்பியது. கதவுகள் இம்மியும் நகரவில்லை.

பின்னால் தம்பி மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது, அவள் கை குழந்தையின் பட்டைக் கொக்கியின் மேல் இருந்தது. பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளத் துடித்த கை அது. எந்தத் தாயின் கையும் அங்கேதான் போயிருக்கும்.

"கழட்டாதே." கிளிக் அக்காவின் குரல் உயரவில்லை. "அவ இருக்கிற இடம்தான் இந்த வண்டியிலேயே பத்திரமான இடம். நீ முதுகை நல்லா சாய்ச்சு உக்காரு. பிரேக் போயிடுச்சு. நான் நிறுத்திடுவேன்."

கை கொக்கியை விட்டு எழுந்தது. குழந்தையின் காலைப் பற்றிக்கொண்டது.

கிளிக் அக்கா ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, கொஞ்சம் இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகிவிடும். எட்டாவது வளைவும் தாண்டியது. ரப்பர் கருகும் வாடை அடித்தது. முள் முப்பத்தைந்துக்கு வந்தது. சரிவு கூடிய இடத்தில் மறுபடி நாற்பதைத் தொட்டது. மலைப்பக்கம் உரசி நிறுத்தலாமா என்று பார்த்தாள். மண்மேடாக இருந்தால் செய்திருப்பாள். முழுக்கப் பாறை. வளைவுகள் முடிந்தால் நேரே சந்தை, அதன் வாசலில் எப்போதும் ஜனம்.

அப்போதுதான் கல்குவாரி ஞாபகம் வந்தது. ஒன்பதாவது வளைவு முடிந்ததும், சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சரளைப் பாதை மேல்நோக்கி ஏறும். மூடிப்போன குவாரிக்குப் போகிற பாதை. எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறாள். அதில் ஏறிவிட்டால் மலையே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஒன்பதாவது வளைவில் திரும்பியதும் எதிரே பேருந்து.

நிறைய ஆட்களோடு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தது. குவாரிப் பாதையின் வாய்க்கு அதுவும் வரப்போகிறது, இவளும் போகப்போகிறாள். முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அழுத்தினாள். பேருந்து ஓட்டுநருக்கு அந்த மூன்று நொடியில் என்ன புரிந்ததோ, ஹாரன் அடித்துச் சண்டைக்கு வராமல் இருந்த இடத்திலேயே சட்டென்று நிறுத்தினார். பாதையின் வாய் திறந்துகிடந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். பேருந்தின் மூக்குக்கு முன்னால், ஒரு ஆள் அகலத்தில், பதினான்கு கதவுகளோடு பிக்கப் குறுக்கே பாய்ந்து சரளையில் ஏறியது.

கற்கள் தெறித்தன. தூசி மண்டியது. முப்பது. இருபது. பத்து. வண்டி தயங்கியது, நின்றது. பிறகு பின்பக்கமாக நகரத் தொடங்கியது. அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். முதல் கியர், ஹேண்ட் பிரேக் முழுக்க மேலே, கிளட்சை விட்டு இன்ஜினை அணைத்தாள். ஒரு முழம் வழுக்கி, ஒரு குலுக்கு குலுக்கி, நின்றேவிட்டது. அதற்குள் பேருந்து நடத்துநர் கையில் முட்டுக்கட்டையோடு ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் செருகினார். பின்னாலேயே பயணிகள் ஆளுக்கொரு கல்லோடு வந்து, நான்கு சக்கரங்களுக்கும் சுவரே கட்டிவிட்டார்கள்.

குழந்தை ஒரு காலுறையை உதறித் தள்ளிவிட்டு, போர்வையின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற பிறகுதான், இவ்வளவு நேரம் ஆடியது ஏன் நின்றது என்று கேட்பதுபோல ஓவென்று அழுதது. தம்பி மனைவி இப்போது கொக்கியைக் கழற்றலாமா என்று அனுமதி கேட்டாள். கழற்றி எடுத்து அணைத்துக்கொண்டு இறங்கியவள், சரளையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிளிக் அக்காவின் விரல்கள் ஸ்டீயரிங்கை விட மறுத்தன. பேருந்து ஓட்டுநர் வந்து ஜன்னலருகே நின்றார். நரைத்த மீசைக்காரர்.

"எத்தனை வருசமா ஓட்டுறீங்க?"

"ரெண்டு."

அவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்க வேண்டியிருந்ததால்தான் விரல்கள் பிரிந்தன. குடித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, கண்ணில் நீர் வரும் சிரிப்பு. தம்பி மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு நாளைக்கு இருவராலும் வாயை மூட முடியவில்லை. கணவர் கதையை ஏழு தடவை கேட்டார், ஏழு தடவையும் பேருந்து வருகிற இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் வளையங்கள் தேய்ந்துபோயிருந்தன. ஆயில் வெளியே ஒழுகவில்லை, உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவியிருக்கிறது. அளவைப் பார்த்தால் தெரிய வாய்ப்பே இல்லை. இது அவளைப் பொசுக்கியது. எல்லாம் பார்த்தேனே, பார்த்தேனே என்று புலம்பினாள். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி மிதித்தபடி முப்பது எண்ணச் சொன்னார் மெக்கானிக். அதற்குள் பெடல் மெல்ல இறங்கினால் உள்ளே கோளாறு. மறுநாளிலிருந்து காலையில் எங்கள் தெருவில் அவள் சத்தமாக எண்ணுவது கேட்கும்.

கதை அதோடு முடிந்திருக்கும். தம்பி மனைவி விடவில்லை. அந்தப் பாதை அங்கே தற்செயலாகத்தான் இருந்தது, அடுத்த வண்டி வரும்போது அது அடைபட்டிருந்தால் என்ன கதி என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மதியம் உட்கார்ந்து மனு எழுதினாள். பிரேக் போன வண்டிகள் ஏறி, சக்கரம் புதைந்து நிற்கக் குவாரிப் பாதையில் கூழாங்கல் படுகை போட வேண்டும், மேலேயே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். முதல் கையெழுத்து மீசைக்காரருடையது. அடுத்து முப்பத்தாறு ஓட்டுநர்கள். அலுவலகத்தில் இரண்டு முறை நாளை வா என்றார்கள். மூன்றாம் முறை குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய், அன்று நடந்ததை வளைவு வளைவாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை மூட மறந்துவிட்டார்.

ஐந்து மாதத்தில் லாரி லாரியாகக் கூழாங்கல் வந்து இறங்கியது. அன்று கிளிக் அக்கா அந்தப் பக்கம் போனாள். வண்டியை ஓரங்கட்டி இறங்கி, படுகையில் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது. இன்னும் ஆழம் இருந்தது. எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும் என்கிற மாதிரி ஒரு விசில் அடித்தாள். மரப்பட்டறையில் அடுத்த சரக்காக ஜன்னல்கள் காத்திருந்தன. கையைத் தட்டிக்கொண்டு ஏறி, மேலே போனாள்.