மாமரத்துக் கொடியை இறக்கியது

அன்று அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி, மேலகரத்திலிருந்து வந்த மரம்வெட்டி அண்ணாச்சி, வெட்டியதை அள்ளிப்போட வந்த அவர் சம்சாரம். அவர்களோடு வந்த நாய் கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டது. ஐந்தாவதாக யாரும் இல்லை. பயம் வந்தால் ஆட்களை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு; அன்று பலமுறை எண்ணினேன்.

குற்றாலத்தில் அந்த பங்களாவுக்கு நான் காவல். ஒரு துரை கட்டி, விட்டுப்போய், பல வருஷம் பூட்டிக் கிடந்ததை ஒரு வக்கீல் வாங்கியிருந்தார். சாரலுக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், அதற்குள் தோட்டம் சுத்தமாகாவிட்டால் நாங்கள் இருந்த பின்கட்டு அறையைக் காலி செய்யவேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். எங்களுக்கு வேறு கூரை கிடையாது. பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடும் இல்லை.

குரோட்டன்ஸ், காகிதப்பூ எல்லாம் முதலில் போயின. மிச்சம் இருந்தது மாமரத்தில் ஏறிய கொடி. துரைசானி அழகுக்காகச் சாடியில் வைத்ததாம். வெற்றிலை அளவு இருந்த இலை, மரத்தில் ஏறிய பின் முறம் அளவாகி மஞ்சள் தீற்றலோடு தொங்கியது. வக்கீல் சொன்ன இங்கிலீஷ் பெயர், நாலாவதோடு நின்றுவிட்ட என் வாயில் நுழையவில்லை. உள்ளே மரம் இருப்பதே தெரியாது. மற்ற மரங்களில் எல்லாம் ஆடுகிற குரங்குகள் அதில் மட்டும் ஏறுவதில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி அரிவாளைத் தரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"இங்கன குடியிருக்கவுக எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு வெட்டுதோம். இன்னைக்கே வேற இடம் பாத்துப் போயிருங்க."

படர்ந்த எதிலும் அப்படிச் சொல்லாமல் அவர் கை வைப்பதில்லை. நான் எங்கள் அறையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, எங்க போகணும்னு சொல்லலியே?"

"அது அவுக பாடு, தம்பி."

"பக்கத்துல இருக்கது எங்க ரூம்தான..."

அவர் சம்சாரம் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, ஒம் புருசன் பேய்க்கு வாடகைக்கு ரூம் பாக்காரு!"

"வரட்டும் மதினி," என்றாள் இவள். "தொட்டில் ஆட்ட ஒரு ஆள் வேணும்லா."

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "வெளாட்டுக்குக்கூட அப்படிக் கூப்பிடாத தாயி."

மறுநாள் காலை அடித்தண்டை வெட்டினார். இழுத்தால் வரவில்லை, வேர்கள் பட்டையைப் பல்லிபோல் பற்றியிருந்தன. வாடினால் தானே கழன்றுவிடும் என்றார். வாடவில்லை. சாரல் தொடங்கியிருந்தது, அடி இல்லாமலே கொடி மேலே புது இலை விட்டது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏறித் துண்டு துண்டாக இறக்கினார். மாமரம் தோலுரித்ததுபோல் வெளுத்து நின்றது.

அன்று மத்தியானம் உலை வைக்க உள்ளே போன மனைவி என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை. ஓட்டிடுக்கு வழியாக வெளிறிய தளிர் ஒன்று விரல் கனத்தில் இறங்கி, தொட்டில் கட்டலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்த உத்தரத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. காலையில் அது இல்லை என்றாள். நான் கவனிக்கவில்லை.

அண்ணாச்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"இதையும் வெட்டிப்போட்டிருங்க அண்ணாச்சி."

"தோட்டத்துல இருந்ததுக்குச் சொல்லிட்டு வெட்டினேன். இது நீங்க கூப்பிட்டு வந்தது. நான் தொட மாட்டேன்."

சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். கூலியோடு பின்னாலேயே ஓடினேன். அந்த அறையிலிருந்து எடுத்த காசு வேண்டாம் என்று திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினார்.

வக்கீல் வந்து வெறுந்தோட்டத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டார். எத்தனை வருஷமானாலும் அந்த அறையிலேயே இருந்துகொள் என்றார். தலையாட்டினேன். தளிரை நான் அறுக்க அறுக்க, சாரல் ஓயும்வரை அது வந்துகொண்டிருந்தது. பிள்ளை பிறந்தபின் தொட்டிலை வேறு மூலையில் கட்டினோம். காற்றில்லாத பகலில் வெறுந்தொட்டில் அசைந்தால், நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

மேலகரத்தில் என்னைக் கண்டால் அண்ணாச்சி வேறு தெருவில் திரும்பிவிடுவார். அவருக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது இரண்டு ரூபாய் ஆறணா.