மேஸ்திரியம்மாவும் டிரம்ஸ்காரரும்

லிப்ட் கம்பெனியில் அவருக்கு டமாரம் என்று பெயர். எதைக் கண்டாலும் தட்டுவார். மோட்டார் மூடி, டிபன் டப்பா, பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி, எதுவும் தப்பாது. லிப்ட் நடுவழியில் நின்றுபோய் உள்ளே ஆள் கத்திக்கொண்டிருந்தாலும், மெஷின் ரூமில் முதல் காரியமாகப் பேனல் மூடியில் ஒரு ஆவர்த்தனம் தட்டிவிட்டுத்தான் திறப்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் யாரோ உதவிக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று நம்பிக்கையோடு பதிலுக்குத் தட்டுவார்கள். டமாரத்துக்கு அது ஜுகல்பந்தி.

தட்டுவதெல்லாம் ஒரே ஆளின் தாளம். வெளிநாட்டு ராக் குழு ஒன்றின் டிரம்ஸ்காரர். மீசை அரும்பிய வயதில் யாரோ கொடுத்த கேசட்டில் மாட்டியவர், நாற்பது வருஷமாக வெளியே வரவில்லை. குழுவில் பாடுகிறவர் இருக்கிறார், கிடார் இரண்டு பேர் இருக்கிறார்கள். டமாரத்துக்கு அவர்கள் எல்லாம் சும்மா. பின்னால் உட்கார்ந்து அடிக்கிறவர்தான் "நம்மாளு". நம்மாளுக்குக் கல்யாண முறிவு என்று செய்தி வந்த அன்று இவர் வீட்டில் சாப்பிடவில்லை. மனைவிக்கு இது இன்றும் ஞாபகம் இருக்கிறது. தன் சொந்தச் சித்தப்பா செத்துப்போனபோது இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டவர்.

அந்த மனைவிக்கு மில்லில் மேஸ்திரியம்மா என்று பெயர். தறிக்கூடத்தில் ஒரு பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. தறிகள் ஓடத் தொடங்கினால் அங்கே வாய்க்கு வேலை கிடையாது, பக்கத்தில் நிற்பவர் அலறினாலும் கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்தது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர் கொண்டா. சட்டைக் காலரைத் தடவினால் மேனேஜர் வருகிறார், ஜாக்கிரதை. மற்றபடி மாமியார் கொடுமை, பிள்ளையின் மார்க், எதிர்வீட்டுக் கதை எல்லாமே அந்தக் கூடத்தில் கையாலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள்.

டமாரமும் ஒரு காலத்தில் அதே மில்லில் எலக்ட்ரீஷியன். மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவரிடம் நாலு தறி தள்ளி நின்ற பெண் கையால் ஏதோ கேட்டாள். இவர் கையால் ஏதோ சொன்னார். கல்யாணம் வரை வந்தது. அப்புறம் சம்பளம் கூடுதல் என்று லிப்ட் கம்பெனிக்குப் போனார். அங்கே அமைதி. அமைதி பழகியவருக்கு வீட்டில் மனைவி கையை ஆட்டிப் பேசுவது உறுத்தத் தொடங்கியது. விருந்தாளிகள் முன்னால் ஒருநாள், "இது மில்லு இல்லம்மா. வாய் இருக்குல்ல, வாயால சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து மேஸ்திரியம்மா அவரிடம் வாயால்தான் சொல்கிறார். தறிக்கூடத்தில் வளர்ந்த குரல். இவர்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் தெருமுனைக் கடைக்காரர் எடுத்து வைத்துவிடுவார்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை. அப்பாவும் அம்மாவும் வந்து தங்கியிருந்த மாதத்தில்தான் அந்தக் குழு அவள் இருந்த ஊருக்கு வந்தது. மகள் சத்தமில்லாமல் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். அப்பாவும் மகளும் போகப்போகிறோம் என்று டமாரம் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தார். மூன்றாம் நாள், தனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது, இரண்டு டிக்கெட்டும் அவர்கள் இருவருக்கும்தான் என்றாள் மகள்.

டமாரத்தின் முகம் இறங்கியது. "உங்கம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாதும்மா" என்றார்.

"அப்பா, அம்மா நிக்கறது தறிக்கூடத்துல. சத்தத்தைப் பத்தி அவங்களுக்கே சொல்றீங்களா?"

நிகழ்ச்சி மாலையில்கூட இல்லை, மதியம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய பூங்கா மைதானம். மேடையில் ஏறப்போகிற நாலு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது, பொழுது சாய்வதற்குள் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்க வேண்டுமாம். மகள் சொன்னது. வந்த கூட்டமும் அதற்குத் தோதாக இருந்தது. வழுக்கையும் முழங்கால் பட்டையும் மடக்கு நாற்காலியுமாக, கண் ஆஸ்பத்திரி வரிசை மொத்தமும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்ததுபோல.

டமாரமும் ஒரு கறுப்புச் சட்டை வாங்கிப் போட்டிருந்தார். நெஞ்சில் நாலு பேர் முகமும் அச்சடித்தது. அளவு கொஞ்சம் பிடித்தது. மூன்று பேர் நெஞ்சோடு நின்றுவிட, நம்மாளு சரியாகத் தொப்புளில் வந்து உட்கார்ந்து கன்னம் உப்பியிருந்தார்.

கேட் திறந்ததும் ஓடிப்போய் மேடைக்கு எதிரே முன்கம்பியைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பளிச்சென்ற சட்டையில் ஒரு காவல்காரர், மலை மாதிரி.

"ஒரே ஒரு தடவை" என்றார் டமாரம். "நம்மாளு என்னைப் பாத்துட்டா போதும்."

"பாத்து?"

"பாத்துன்னா? பாத்தா போதும்."

மேஸ்திரியம்மா தலையாட்டிவிட்டுக் கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு, இவருக்கும் நீட்டினார். டமாரம் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். நாற்பது வருஷம் காத்திருந்து வந்து காதில் பஞ்சு வைத்துக்கொள்வதா.

முதல் அடி விழுந்தபோது தரை அதிர்ந்தது. மேடையின் உச்சியில், பளபளக்கும் உருளைகளுக்கு நடுவே, கையில்லாத பனியனில் ஒல்லிக் கைகளோடு நம்மாளு. பெரிய திரையில் அவருடைய கழுத்து நரம்புகூடத் தெரிந்தது. டமாரத்தின் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே இரண்டு கையாலும் முன்கம்பியில் இறங்கிவிட்டார். காவல்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். கிழவர்தானே என்று விட்டுவிட்டார். ஆனால் மேடையிலிருந்து யாரும் பார்க்கவில்லை. கையை ஆட்டினார், எம்பிக் குதித்தார், சட்டையில் இருந்த நம்மாளைத் தொப்புளோடு தூக்கிக் காட்டினார். நம்மாளு வானத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது பாட்டோ ஏழாவது பாட்டோ. நம்மாளு அடித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கிக் கட்டைவிரலை உதட்டில் வைத்து எடுத்தார். மறுபடியும் வைத்தார். கூட்டம் ஹோவென்று கத்திக்கொண்டு அப்படியே செய்தது. மைதானம் முழுக்கக் கட்டைவிரல். புது ஸ்டைல் என்று நினைத்துவிட்டார்கள். டமாரம் எல்லோரையும் மிஞ்சினார், இரண்டு கட்டைவிரலையும் உதட்டில் வைத்து முத்தமே கொடுத்தார்.

நாற்பது வருஷம் நம்மாளு நம்மாளு என்றவர், அதே சைகையை மில்லில் தினமும் பார்த்தவர், அவருக்கே புரியவில்லை. மேஸ்திரியம்மாவுக்குப் புரிந்தது. அந்த மனுஷன் தண்ணீர் கேட்கிறார். பின்னால் நிற்க வேண்டிய உதவியாள் பாட்டுக்காரரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மேஸ்திரியம்மா கம்பிக்கு மேலே கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, இரு, அனுப்புகிறேன் என்றார். தறிக்கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவளுக்கே தெரியும்படி காட்டிப் பழகிய கை. பிறகு காவல்காரரின் தோளில் ஓங்கி ஒன்று வைத்து, தன் தண்ணீர்ப் பாட்டிலை அவர் கையில் திணித்து, மேடையைக் காட்டினார். மலை என்ன நினைத்ததோ, மேஸ்திரி சொன்ன பையன் மாதிரி ஓடியது. பாட்டில் உதவியாளிடம் போய், உதவியாள் அசடு வழிந்து, நம்மாளு கடகடவென்று குடித்தார். குடித்து முடித்து, கையில் இருந்த குச்சியால் மேஸ்திரியம்மாவைச் சுட்டிக்காட்டித் தலை தாழ்த்தினார்.

பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், டமாரம். அந்தக் குச்சி இவர் காதை ஒட்டினாற்போலக் கடந்து மனைவியிடம் போய் நின்றது.

அது மகள் இவர் கையில் கொடுத்தனுப்பிய பாட்டில். அதை இவ்வளவு நேரம் தூக்கிச் சுமந்தது டமாரம். கொஞ்சம் முன்னால்தான் கனமாக இருக்கிறதென்று மனைவியிடம் கொடுத்தார். வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அங்கேதான் நம்மாளின் முகமும் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்தது மெதுவான பாட்டு. பாட்டுக்காரரும் ஒற்றைக் கிடாரும் மட்டும், டிரம்ஸுக்கு வேலை இல்லை. அந்தப் பாட்டைத்தான் டமாரம் மில்லில் மேஸ்திரியம்மாவை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்த நாளில் இரவு முழுக்கக் கேட்டார். இப்போது ஒரு வரி காதில் ஏறவில்லை. ஏனென்றால் வேலை இல்லாத நம்மாளு மேஸ்திரியம்மாவோடு பேச்சுக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

முதலில் தன் காதைத் தொட்டு விரலை ஆட்டினார், போச்சு, கேட்காது என்று. மேஸ்திரியம்மா தன் காதுப் பஞ்சைக் காட்டி, தறி ஓடுவதுபோல இரண்டு கையையும் முன்னும் பின்னும் ஆட்டி, எனக்கும் பாதி போச்சு என்றார். அவர் இடுப்பைப் பிடித்து முகம் சுளித்தார். மேஸ்திரியம்மா நிமிர்ந்து உட்கார் என்று முதுகைத் தட்டிக் காட்டினார். நம்மாளு நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமராக்காரன் சும்மா இருப்பானா? பெரிய திரையில் பாதி நம்மாளு, பாதி மேஸ்திரியம்மா. சுற்றி இருந்த கிழங்கள் எல்லாம் மேஸ்திரியம்மாவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

டமாரத்துக்கு முதலில் மனைவிமேல்தான் பொறாமை. என் ஆளை நான் பார்க்க வந்தேன், கூட வந்தவளை அவர் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் பொறாமை கட்சி மாறிவிட்டது. அந்தக் கை அசைவு, கண்ணைச் சுருக்கி, பாதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காட்டும் அந்தச் சைகை, நாலு தறி தள்ளி நின்று இவரிடம் காட்டியது. வீட்டுக்குள் அதைப் பார்த்து எத்தனை வருஷம். இவருக்குக் கிடைக்காததை, எழுபது தாண்டிய ஒரு கிழவன் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வாங்கிக்கொள்கிறான்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக மனசுக்குள் அவரைக் கிழவன் என்றார்.

கையைக் கட்டிக்கொண்டார். திரும்பி மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் ஏதோ நடந்து கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர் திரும்பவில்லை. சிரிங்கடா என்று மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் மலை வந்து ஒரு டிரம்ஸ் குச்சியை மேஸ்திரியம்மாவிடம் கொடுத்தது. குச்சி இவர் தோளை உரசிக்கொண்டு போனது. மேஸ்திரியம்மா அதை வாங்கி, ரொட்டிப் பொட்டலத்துக்கும் மடக்குக் குடைக்கும் நடுவில் செருகிப் பையை மூடினார்.

வெயில் இறங்காமலே இருந்தது. திரும்பும் ரயிலில் எதிரெதிரே ஜன்னல் ஓரம். டமாரத்தின் காதில் தேன்கூடு கலைந்ததுபோல ஒரே ரீங்காரம். மகள் போன் செய்தாள். ஹலோ ஹலோ என்று கத்தி, பெட்டியே திரும்பிப் பார்க்க, போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். மேஸ்திரியம்மா பேசிவிட்டு வைத்தார். பிறகு இவரிடம் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தறிக்கூடத்துக் குரலே கேட்கவில்லை என்றால் காது மொத்தமாக அடைத்துவிட்டது.

மேஸ்திரியம்மா ஒரு நிமிஷம் இவரைப் பார்த்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மடியில் கையைத் தாழ்த்தி வைத்து, விரலால் கேட்டார். கோபமா?

டமாரம் ஜன்னலைப் பார்த்தார். கை மட்டும் இவரைக் கேட்காமல் எழுந்தது. என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?

மேஸ்திரியம்மா இவரைச் சுட்டினார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார், என் வீட்டுக்காரர். இரண்டு கையாலும் காற்றில் டிரம்ஸ் அடித்தார். நாலு விரலைக் காட்டிப் பத்து முறை மூடித் திறந்தார். நாற்பது வருஷம்.

டமாரத்தின் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம்?

மேஸ்திரியம்மா இரண்டு விரலைத் தன் கண்ணிலிருந்து எடுத்து இவர் நெஞ்சில் குத்தினார். உங்களைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம். நீங்கள்தான் திரும்பி நின்றீர்கள்.

அப்புறம்? அப்புறம்?

மேஸ்திரியம்மா கையைக் கட்டினார். உதட்டைப் பிதுக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு, உம்மென்று பக்கவாட்டில் திரும்பினார். நம்மாளு இவரைப்போலவே செய்து காட்டியிருக்கிறார், திரையில், அத்தனை ஜனத்துக்கும். கொல்லென்ற சிரிப்பு அதற்குத்தான்.

டமாரம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதுவும் தாளத்தோடுதான் விழுந்தது. மேஸ்திரியம்மா பையைத் திறந்து குச்சியை உருவினார். நீட்டவில்லை. இவரைச் சுட்டி, மேடை இருந்த திசையைச் சுட்டி, குச்சியைத் தட்டினார். உங்களுக்குத்தான் கொடுத்தனுப்பினார். முதுகுக்கா கொடுப்பான் அந்தக் காவல்காரன்?

குச்சியின் நடுப்பாகம் தேய்ந்து கரடுமுரடாக இருந்தது. பிடிக்கும் இடத்தில் இன்னும் வியர்வைப் பிசுபிசுப்பு. டமாரம் அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் மெதுவாக, மிக மெதுவாக, அந்த மெதுவான பாட்டில் வராத டிரம்ஸைத் தட்டத் தொடங்கினார். கேட்கவில்லை, விரலில் மட்டும் தெரிந்தது. மேஸ்திரியம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று டமாரத்தின் கை நின்றது. தன்னைக் காட்டினார். குச்சியைக் காட்டினார். உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் எடைபோட்டார். யார் நல்லா அடிக்கிறா? அவரா, நானா?

மேஸ்திரியம்மா யோசித்தார். கையைத் தூக்கினார். ஆனால் அந்தக் கை பாதி வழியில் கழுத்துக்குப் போய்க் காலர் இருக்கவேண்டிய இடத்தைத் தடவியது. டமாரம் குச்சியைத் தொடைக்கு அடியில் தள்ளி, நல்ல பிள்ளையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். டிக்கெட் பரிசோதகர் வந்தார், பார்த்தார், அடுத்த பெட்டிக்குப் போனார்.

டமாரம் மறுபடியும் உள்ளங்கையை விரித்தார்.

மேஸ்திரியம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். இப்போது காது சரியாகி, ஊர் திரும்பி, டமாரம் மெஷின் ரூமுக்குப் போகத் தொடங்கியும் நாளாகிவிட்டது. குழம்புக் கரண்டியோடு மேஸ்திரியம்மா அடுப்படியில் நிற்கும்போது இவர் வாசற்படியில் நின்று கையால் அதையேதான் கேட்கிறார். பதிலும் கையால்தான் வருகிறது. இருங்க, யோசிக்கிறேன்.