அண்ணன் பக்கத்து x

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். இருந்தாலும் ஒரு சமன்பாட்டைப் பார்த்தவுடன் அது எந்த வகை என்று இன்றும் சொல்லிவிடுவேன். சொல்லித்தந்தது என் அண்ணன். x வெறுமனே நின்றால் ஒரு விடை. அதன் தலையில் சின்னதாக ஓர் இரண்டு ஏறியிருந்தால் இரண்டு விடை வரலாம். “தலையில ரெண்டு இருந்தா நீ கிட்ட வராதடா. அது டென்த் கணக்கு, கடிச்சிடும்” என்பான். அவனுக்கு அப்போது பதினைந்து, எனக்குப் பதினொன்று. அந்த வருடமே காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

மைசூரில் எங்கள் ஆட்கள் நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளுக்கு முன்பாகவே போய்க் கல்லறையைக் கழுவி, சிலுவைக்கு வெள்ளையடித்து, மங்கிய எழுத்துகளின் மேல் மறுபடி கறுப்புப் பெயிண்ட் ஓட்டுவார்கள். அப்பா எழுதுவார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெயர், தேதி, கடைசியில் ‘வயது 15’. அடுத்த வருடமும் அதே பதினைந்துதான்.

நான் எட்டாவது படிக்கும்போது கணக்கு மேஷ்ட்ரு, வீட்டில் இருப்பவர்களின் வயதை வைத்து ஆளுக்கொரு சமன்பாடு எழுதி, விடை கண்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். தப்பாக இருந்தால் திங்கட்கிழமை முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். போன மாதம்தான் நின்றிருந்தேன். மறுபடி நிற்பதாக இல்லை. அண்ணன் வயதை நான் எத்தனை வருடத்தில் எட்டுவேன் என்று யோசித்து எழுதினேன்.

13 + x = 15. ஆக, x = 2.

மூன்று தரம் சரிபார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவர் வேலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை. நோட்டை நெடுநேரம் பார்த்தார்.

“உன் பக்கம் எக்ஸ் போட்டிருக்க. அண்ணன் பக்கம் ஏன் போடல?”

“அவனுக்குத்தான் வயசு ஏறாதேப்பா.”

சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அப்பா என் பேனாவை வாங்கி, பதினைந்தை அடித்துவிட்டு, மெதுவாக எழுதினார்: 17 + x. போன மாதம் சிலுவையில் பதினைந்தை எழுதியதும் அதே கைதான். “இப்ப சரியா இருக்கு” என்று கீழே கையெழுத்துப் போட்டார். என் விடையைத் தொடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. இரண்டு பக்கமும் x இருந்தால் இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது பதிமூன்று சமம் பதினேழு. அதற்கு விடையே கிடையாது. அப்பாவுக்குக் கணக்கு வராது, சரியாக இருந்ததைக் கெடுத்துவிட்டார் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன்.

மேஷ்ட்ரு நோட்டைப் பார்த்ததும் சிரித்தார். நீ ஓட ஓட உன் அண்ணனும் ஓடுகிறான், எப்படிப் பிடிப்பாய் என்று கன்னடத்தில் கேட்டார். நான் எழுதவில்லை, அப்பா எழுதியது, அண்ணன் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது என்றேன். அவர் அப்பாவின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் போடவில்லை, தப்பு என்றும் போடவில்லை. போய் உட்கார் என்றார்.

விடையில்லாத கணக்குக்கு என்னை ஏன் வெளியே நிற்கவைக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இப்போது எனக்கு நாற்பது வயது. அண்ணனுக்கு நாற்பத்து நான்கு.