அரசி மேடம் அளந்த கடல்

செவ்வாய்க்கிழமை காலை ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். மஞ்சக்குட்டையிலிருந்து ஆள் ஏற்றிவந்த ஜீப்பின் டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க சார், உங்ககூட வேல பாத்த அரசியம்மா விடியக்காலம் போயிட்டாங்களாமுங்க" என்றார். அதே ஜீப்பில் ஏறிப் போனேன். பாலைக் கடையிலேயே விட்டுவிட்டது மாலையில்தான் நினைவுக்கு வந்தது.

மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. சென்னை ஆய்வுக்கூடத்தில் அவருடன் இருந்த நம் எல்லோருக்கும் அவர் அரசி மேடம். சேர்வராயன் மலையில் சாமையும் காப்பியும் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகும்வரை கடலைப் பார்த்ததில்லை. அந்தப் பெண்தான் கடல்நீரில் எவ்வளவு கதிரியக்கம் கலந்திருக்கிறது என்று அளப்பதிலேயே தன் பணிக்காலம் முழுவதையும் கழித்தார். நான் அவருக்கு அடுத்த மேசைக்காரன். சேலத்தில் பிறந்தவன் என்பதால் அவருடைய மலைப்பேச்சு எனக்கு மட்டும் கிடைத்தது.

வங்கக்கடலில் நாங்கள் சேர்ந்து போன முதல் பயணத்தை மறக்க முடியாது. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பீப்பாய் பீப்பாயாக நீர் எடுத்தோம். அதில் மருந்து கலந்து, தெளியவைத்து, வடித்து, கடைசியில் ஒரு கரண்டி வண்டலாக ஆக்கினார். அதைக் கருவியில் வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தார். திரையில் ஓடிய கோட்டில் மெல்ல ஒரு சின்ன மேடு எழுந்தது. என்றோ, எந்த நாடோ வானத்தில் வெடித்த அணுகுண்டின் மிச்சம் அது. "நாம யாரும் இங்க ஒண்ணும் போடலீங்களே மேடம்" என்றேன்.

"தண்ணிக்கு ஏதுங்க வேலி? எவனோ போட்டது எல்லாரு ஊட்டு வாசலுக்கும் வந்துருமுங்க சார்" என்றார். உடனே, இது மனிதருக்குத் தீங்கு செய்யும் அளவில்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுதினார். உள்ளதைக் கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார்.

பல நாடுகள் அணுக்கழிவைப் பீப்பாய்களில் அடைத்து ஆழ்கடலில் போட்டுவந்ததும், அதை அடியோடு தடுக்கலாமா என்று பின்னர் பேசியதும் உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு கூட்டத்துக்கு வெளிநாடு போனோம். அளவுகளை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட உத்தரவு. ஒரு நாட்டின் பிரதிநிதி எழுந்து, கடல் மிகப் பெரியது, அதில் தங்கள் பங்கு கரைத்த பெருங்காயம்தான் என்கிற பொருளில் பேசினார். அரசி மேடம் எழுந்துவிட்டார்.

"காலையிலிருந்து நான்கு பேர் இதையே சொல்லிவிட்டீர்கள். ஆளுக்கொரு கடல் வைத்திருக்கிறீர்களா?"

தேநீர் இடைவேளையில் கோப்பையோடு என்னிடம் வந்து, "நொம்பப் பேசிட்டனுங்களா?" என்று கேட்டார். அதன்பிறகு பல ஆண்டுகள் அவரை எங்கும் அனுப்பவில்லை. தடை பிறகு வந்தது. அவர் கேட்டதால்தான் வந்தது என்று நான் எழுதினால் அவருக்குக் கோபம் வரும், எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் என் காதால் கேட்டேன்.

ஓய்வுபெற்றதும் மஞ்சக்குட்டையில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தார். நானும் ஏற்காட்டுக்கு வந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், மஞ்சக்குட்டை ஊருக்குள் ஓடும் ஓடை நாறத் தொடங்கியது. விடுதிகளின் கழிவுநீரை டேங்கர் லாரிகள் மேலே ஒரு பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. ஊர்க்கூட்டம் கூடியது. ஒரு விடுதி மேனேஜர், "நாங்க வாரத்துக்கு ஒரு லோடுதானுங்க விடறோம். மத்தவீங்கள மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அடுத்தவரும் அதையேதான் சொன்னார்.

அரசி மேடம் எழுந்தார். கூட்டத்தில் அவர் தம்பி மாரப்பனும் இருந்தார்.

"அந்தப் பள்ளம் எங்க நெலமுங்க. கொட்டிக்கச் சொல்லி விட்டது எந்தம்பி. எங்க தப்புத்தான். நாளையிலிருந்து லாரி உள்ள வராதுங்க. வந்தா நான் குறுக்க நிப்பேன்."

மாரப்பன் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். அந்த லாரிகளில் ஒன்று என் அறைகளிலிருந்தும் போனது. எங்கே கொட்டுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது. வாழ்நாளெல்லாம் பொதுநீரில் கலந்த நஞ்சை அளந்தவன் நான். எழுந்து நின்று, என் அறைகளின் கழிவும் அங்கேதான் போகிறது என்று சொன்னேன். "சார், நீங்களுமா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொண்டார்கள். இப்போது எல்லா விடுதிகளும் சேர்ந்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கே கழிவை அனுப்புகின்றன.

திரும்பும் வழியில் கேட்டேன்: "என் லாரி போறது உங்களுக்குத் தெரியுமுங்களா மேடம்?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

"எந்தம்பியச் சொல்றது என் வேலைங்க. உங்களச் சொல்றது உங்க வேலைங்க சார்."

மாரப்பன் அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் அக்காவுடன் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்தான் கொள்ளி வைத்தார். சடங்கு முடிந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டாளேன்னு நொம்ப நாள் வயிறெரிஞ்சனுங்க. போன மாசம்தான் போயி, நீ செஞ்சது சரிதான் அக்கான்னேன். என் கையப் புடிச்சுட்டு, சாப்டியா சாமின்னு கேட்டாளுங்க" என்றார்.

அரசி மேடத்தின் குறிப்பேடுகளை ஆய்வுக்கூடம் கேட்டிருக்கிறது, போகட்டும். அன்று ஊர்க்கூட்டத்தில் தம்பியின் குற்றத்தைச் சொல்லி முடித்தபின் அரசி மேடம் உடனே உட்காரவில்லை. யாரையும் பார்க்காமல், என் பக்கமும் திரும்பாமல், சற்றுநேரம் நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்துகொள்வதற்காக விட்ட நேரம் அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.