ஒரே செட்டிங்கில் இரண்டு ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பொங்கி வழிந்த இட்லி மாவைத் திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் காம்பவுண்ட் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். பின்னால் ஒரு பெண். யாரும் சிரிக்கவில்லை. யார் கையிலும் பழப்பை இல்லை.

சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு, வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்றால் இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் — கேட்க வந்திருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணை மாப்பிள்ளை அடித்தான் என்று சேதி போனால், அண்ணன் தம்பிகள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து, ஹாலில் உட்கார்ந்து 'கேட்பார்கள்'. சில வீடுகளில் வாயால் கேட்பார்கள். சில வீடுகளில்... சரி, அது எதற்கு இப்போது.

நேராக மாடிக்குப் போனார்கள். மாடி வீட்டுக் குமரேசன் பெண்டாட்டியை அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே வெளியாள் நான்தான். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தேன்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

குமரேசனின் மனைவி வசந்தா, சாமல்பட்டிக்காரி. இங்கே ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் பிடித்து ரிஜெக்ட் போட்டுவிடுவாள். குமரேசன் வேறொரு கம்பெனியில் மெஷின் செட்டர். கொசு கையில் உட்கார்ந்தால்கூட அடிக்க மாட்டார், ஊதித்தான் விடுவார். அப்படி ஒரு பிறவி.

இந்த வருஷம் வசந்தாதான் சிறந்த ஊழியர் என்று கம்பெனியில் அறிவித்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சிறந்த ஊழியரின் முகத்தைப் பெரிதாகப் படம் எடுத்து, மெயின் கேட்டில் ஒரு வருஷத்துக்கு மாட்டி வைப்பார்கள். மூன்று ஷிப்ட் ஆட்களும் அந்த முகத்தைக் கும்பிடாத குறையாகத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? வசந்தாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வருஷக்கணக்காக டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தவள். நாற்பது வயதிலேயே கண்ணோரமெல்லாம் விசிறி மடிப்பு. நைட் ஷிப்ட் புண்ணியத்தில் கண்ணுக்குக் கீழே பள்ளம். கண்ணாடியில் பார்த்துத் தன் முகத்துக்கே ரிஜெக்ட் போட்டுவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லி, பெங்களூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனாள். கண்ணோரச் சுருக்கத்தை நீவிவிட ஒரு ஊசி, கண்ணுக்குக் கீழ் இருக்கும் பள்ளத்தை நிரப்ப ஒரு ஜெல் ஊசி. டாக்டரம்மா பாதி கன்னடம், பாதி இங்கிலீஷில் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். கண்ணைச் சுற்றியிருக்கும் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. அடியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. குத்து அதிகமானால் ரத்தம் கட்டுகிற வாய்ப்பும் அதிகம், வீக்கமும் சேர்ந்துகொள்ளும். வீங்கினால் எந்த ஊசியால் வீங்கியது என்று டாக்டரான எனக்கே குழப்பமாகும். அதனால் இன்று ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

நியாயமான பேச்சு. ஆனால் கேட்டது யார்? பிறந்தது சாமல்பட்டி என்றாலும் இப்போது ஓசூர்க்காரி.

இந்த ஊரில் ஒரு வியாதி இருக்கிறது. மெஷினில் ஒரு ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய இரும்புத் துண்டை, மாட்டினால், செய்ய வேண்டிய வேலை அத்தனையும் முடித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டினால் நேரம் தண்டம். இதற்கு 'ஒரே செட்டிங்' என்று பெயர். மெஷினுக்குச் சரி. ஆனால் இங்கே வாழ்க்கையே ஒரே செட்டிங்கில்தான் ஓடுகிறது. மகளுக்குக் காதுகுத்து, மகனுக்கு மொட்டை, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் — மூன்றையும் ஒரே லீவில் முடித்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. மொட்டையும் ஆபரேஷனும் ஆள் மாறாமல் நடந்ததே பெரிய விஷயம்.

வசந்தாவும் அதையே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இன்னொரு லீவுக்கு எங்கே போவது? அத்திப்பள்ளியைத் தாண்டி, பாலம் கட்டுகிறோம் என்று தோண்டிப் போட்டிருக்கும் ரோட்டில் இன்னொரு தரம் ஊர்ந்து வருவது யார்? அடுத்த வாரமே போட்டோ வேறு. இரண்டையும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். ரத்தம் கட்டினால் என் பொறுப்பு.

டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை என்றாள் இவள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பதால் தினமும் ஒரு வலி மாத்திரை போடுவாளே, அது? அது எப்படி மாத்திரையில் சேரும்? அது டீ மாதிரி. சில வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும் என்று டீக்கடையிலா எழுதிப் போட்டிருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் லேசாகக் கன்றியிருந்ததாம். ஐஸ் வைக்கச் சொன்ன டாக்டரம்மாவின் பேச்சு காற்றோடு போயிற்று. அடிபட்டால் என்ன செய்வோம்? வெந்நீர் ஒத்தடம். கொடுத்தாள். விளக்கெண்ணெய் போட்டு ஒரு நீவலும் நீவினாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தவளைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் போனேன். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் நாவல்பழக் கலர். இமை உப்பி, கண் இருந்த இடத்தில் கோடுதான் இருந்தது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, வலியும் கூடவில்லை, தானாக வற்றிவிடும் என்று டாக்டரம்மா போனில் சொன்னாராம். கூடவே நன்றாகத் திட்டவும் செய்தாராம்.

என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, வெளியே சொன்னால் மெயின் கேட்டில் படத்துக்குப் பதில் நானே தொங்குவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். குமரேசனிடம் மகள் தலைமேல் கை வைத்துச் சத்தியம். கம்பெனியில் போட்டோவைத் தள்ளிப்போட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன காரணம் — பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்.

அடிப்பாவி, இதைவிட வேறு பொய்யே கிடைக்கவில்லையா?

நம் நாட்டில் எத்தனை பெண்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டதும் யாரும் பாத்ரூமை நினைப்பதில்லை, புருஷனைத்தான் நினைக்கிறார்கள். ஒரே நாளில் காம்பவுண்டுக்கே தெரிந்துவிட்டது. கன்னடம் பேசுகிற ஹவுஸ் ஓனரம்மா, குமரேசன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் கதவைப் படாரென்று சாத்தினார். தெலுங்கு பேசுகிற காய்க்காரம்மா அவருக்கு மட்டும் அழுகல் தக்காளியாகப் பொறுக்கிப் போட்டார். கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து ஸீட் காலி. மூன்று பாஷைக்காரர்களும் ஒற்றுமையாக நின்று எங்கள் ஊரில் நான் பார்த்தது அந்த வாரம்தான்.

மனிதர் வாயே திறக்கவில்லை. அழுகல் தக்காளியை வாங்கிக்கொண்டு வந்து ரசம் வைத்தார்.

அந்தச் சேதிதான் யார் மூலமாகவோ சாமல்பட்டிக்குப் போய், வேன் ஏறி வந்திருந்தது. நான் கை கழுவிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

ஹாலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் வசந்தாவின் பெரியண்ணன் மாதப்பன். துண்டு, மோதிரம், மீசை. பக்கத்தில் தம்பிகளும் ஒரு சித்தப்பாவும். அண்ணி கோவிந்தம்மாள் சுவரோரம் நின்றிருந்தார். குமரேசன் ஸ்கூல் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எதிரில். வசந்தா ரூமிலிருந்து வெளியே வந்ததும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வீக்கம் கொஞ்சம் வற்றி, நாவல்பழம் ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது.

"மாப்ள, எங்க பொண்ணு மேல கை வெச்சீங்களா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார் மாதப்பன்.

குமரேசன் வசந்தாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு நடந்துபோச்சு மச்சான். இனிமே நடக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறார்! மாதப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். தம்பிகளும் எழுந்தார்கள். அதற்குமேல் வசந்தாவால் தாங்க முடியவில்லை, குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"அவர் அடிக்கலண்ணா. நான் அழகா தெரியணும்னு கண்ணுல ஊசி போட்டுக்கிட்டேன்."

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? ஒருவரும் நம்பவில்லை. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார், புருஷனைக் காப்பாற்ற இந்தப் பொண்ணு என்னென்ன கதை சொல்லுது பார் என்று. உலகத்தில் எவளாவது வேலை மெனக்கெட்டு பெங்களூர் போய்க் கண்ணில் குத்திக்கொண்டு வருவாளா என்று தம்பி கேட்டான். ஆமாம், உண்மைதான் என்று நான் சாட்சிக்குப் போனேன். இந்தம்மா பத்திரிகையில் எழுதுகிறவங்க, கதை கட்டுவதே இவங்க தொழில் என்று என்னையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு போன் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை... மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

யோசித்துப் பாருங்கள். புருஷன் அடித்தான் என்பதற்கு ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. நாற்பது வயசுக்காரி அழகாக இருக்க ஆசைப்பட்டாள் என்பதற்கு மட்டும் சாட்சி, சான்று, டாக்டர் எல்லாம் வேண்டியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு வேனையே மாடியிலிருந்து தள்ளியிருப்பேன். நல்லவேளை, அது கீழே நின்றிருந்தது.

அப்போதுதான் கோவிந்தம்மாள் சுவரைவிட்டு நகர்ந்து வந்தார். அதுவரை அவர் அங்கே இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். வசந்தாவின் முகவாயைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கண், அந்தக் கண், கன்னத்து எலும்பு. நிதானமாகப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"இது அடிச்சதில்லைங்க. அடிச்சா ஒரு பக்கந்தான் வீங்கும். மோதிரக் கையா இருந்தா இந்த எடத்துல கிழிஞ்சிருக்கும்."

சொல்லும்போது அவர் விரல் வசந்தாவின் கன்னத்தில் இல்லை. தன் இடது கன்னத்து எலும்பைத் தொட்டுக் காட்டினார். அங்கே கோடாக ஒரு பழைய தழும்பு இருந்தது.

இந்த முறை எல்லோரும் நம்பினார்கள். உடனே நம்பினார்கள். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தம்பிகள் உட்கார்ந்துவிட்டார்கள். மாதப்பன் தன் வலது கையை மெதுவாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

ஒரு வாரமாக நான் விழுந்து விழுந்து சிரித்த விஷயம்தான். அந்த ஒரு நிமிஷம் சிரிக்க வரவில்லை.

வசந்தா அண்ணியின் கையை விடவில்லை. வீக்கம் வற்றுகிற வரைக்கும் எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும், அண்ணி இங்கேயே இருக்கட்டும் என்றாள். ஊரில் மாட்டைப் பார்ப்பது யார் என்று மாதப்பன் ஏதோ முனகினார். அப்போது குமரேசன் பேசினார். தன் பெயர் நாறியபோது ஒரு வாரம் வாய் திறக்காத மனிதர்.

"அக்கா இங்கதான் இருப்பாங்க மச்சான். எப்ப வரணுமோ அவங்களே முடிவு பண்ணட்டும். அதுக்கு முன்னாடி நாங்க ஒருக்கா அங்க வரோம், உங்ககிட்ட பேச வேண்டியது இருக்குது."

குரல் உயரவே இல்லை.

கண்ணுக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆசைப்படும் வாசகியருக்கு ஒரு வார்த்தை — தாராளமாக ஆசைப்படுங்கள், உங்கள் முகம், உங்கள் ஆசை. டாக்டர் இரண்டு தடவை வரச் சொன்னால் இரண்டு தடவை போங்கள். விசேஷத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போகாதீர்கள். போடுகிற மாத்திரையை எல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ஒத்தடத்தையும் நீவலையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மற்றபடி, கேள்வி கேட்க சாமல்பட்டியிலிருந்து வந்த வேனில் பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் முன் ஸீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.